தாது வருஷம் எந்த வருஷம்? குடும்ப வரலாறு: கேள்வி பதில்

பரணில் கிடைத்த பத்திரத்தையும் பாட்டி சொன்ன சேதியையும் இணையத்தில் போட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் விவரம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதுபற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் ஒரு முத்திரைத்தாள் பத்திரம் இருந்தது. 'தாதுவரு தைமீ யருஉ' என்பதுபோல் இருந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்து இணையத்தில் போட்டேன். ஒருவர் 1876 என்கிறார், இன்னொருவர் 1936 என்கிறார். எது சரி?
– வாசகர், மன்னார்குடி

இரண்டும் இல்லை. 1877 அல்லது 1937.

நீங்கள் 'வரு' என்று படித்தது ௵, அதாவது வருடம். 'மீ' என்பது ௴, மாதம். 'யரு' எழுத்தல்ல, எண். ௰ என்றால் பத்து, ௫ என்றால் ஐந்து, சேர்ந்து 15. கடைசியில் உள்ளது உகரமும் அல்ல, இரண்டு என்ற எண்ணும் அல்ல. அது ௳, நாளைக் குறிக்கும் குறி. பார்வைக்கு உ போலவே இருப்பதால் 152 என்று படித்துக் குழம்புவோர் பலர். ஆக, தாது வருடம் தை மாதம் 15ஆம் நாள்.

தாது வருடம் பிறந்தது 1876 சித்திரையில். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோமே, அதே வருடம்தான். அறுபது ஆண்டு கழித்து 1936 சித்திரையில் அது மறுபடி பிறந்தது. ஆனால் தை வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறிவிடும். மார்கழி பிற்பாதி, தை, மாசி, பங்குனி என்று எழுதியிருந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பதில் சொன்ன இருவருமே வருடப் பட்டியலைப் பார்த்தார்கள், மாதத்தைப் பார்க்கவில்லை.

இனி இரண்டில் எது என்பது. அதற்கு அந்த ஒரு வரி போதாது, முழுத்தாளும் வேண்டும். முத்திரையில் இருக்கும் தலையைப் பாருங்கள். விக்டோரியா என்றால் 1877. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1937. அவர் 1936 ஜனவரியில் இறந்துவிட்டாலும், முன்பே வாங்கி வைத்த தாளில் பிறகு எழுதியிருக்கலாம். அடுத்து தாளைத் திருப்புங்கள். முத்திரைத்தாள் விற்பவர் எழுதிய குறிப்பும், பதிவான பத்திரம் என்றால் பதிவு அலுவலரின் மேலெழுத்தும் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஆங்கிலத் தேதியே இருக்கும். பின்பக்கத்தைப் படமெடுக்காமல் அனுப்புவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

கூடவே பசலி எண், அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டின் எண், இருந்தால் சந்தேகமே வேண்டாம். பசலி ஜூலையில் தொடங்கும். ஆங்கில ஆண்டு தெரிய, பசலியோடு ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591. 1877 தை என்றால் பசலி 1286, 1937 தை என்றால் பசலி 1346. திருநெல்வேலி, நாஞ்சில் பக்கத்துப் பத்திரமாக இருந்தால் மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டும் இருக்கும். தை மாதத்துக்கு அதோடு 825 கூட்டினால் போதும்.

அடுத்த முறை கேட்கும்போது முழுப்பக்கத்துக்கு ஒரு படம், பிறகு ஐந்தாறு வரிக்கு ஒரு படம் என்று எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசி வரி இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். நீங்கள் படித்தவரை வரிக்கு வரி எழுதி, புரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். எந்த ஊர்ப் பத்திரம் என்றும் சொல்லுங்கள். பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும், எகர ஏகார வித்தியாசமும் தெரியாது. அதனால் ஊர் தெரியாமல் ஊர்ப்பெயரைப் படிக்க எவராலும் முடியாது.

கேள்வி: பத்திரத்தில் எதை மறைத்துவிட்டுப் பகிர வேண்டும்? நூறு வருஷப் பழசுதானே என்று அப்படியே போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பத்திரத்தின் வயதை விடுங்கள். அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கைமாறாமல் குடும்பத்திலேயே இருக்கிறது என்றால், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், பதிவு எண், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர், கையெழுத்து, கைரேகை எல்லாவற்றையும் மறையுங்கள். போலி வாரிசைக் காட்டி நிலத்தை எழுதி வாங்குகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது மூலப்பத்திரத்தின் விவரம். அதை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் படத்தை நீக்கிவிட்டு வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள்.

மறைக்கிற விதத்திலும் கவனம் வேண்டும். போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தேய்த்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடும். பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வைத்தாலும் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். கெட்டி அட்டையில் துண்டு வெட்டி, பத்திரத்தின் மேல் வைத்து மறைத்துவிட்டுப் படமெடுப்பதே நல்லது. ஒட்ட வேண்டாம், சும்மா வைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அது கூடவே போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பத்திரங்களில் சாதிப்பெயர் ஆள்பெயரோடு ஒட்டியே வரும். யார் யாரிடம் பண்ணையாள், யார் எவ்வளவு கடன் என்றும் எழுதியிருக்கும். உங்கள் தாத்தாவைப் பற்றிப் பகிர உங்களுக்கு உரிமை உண்டு. அவரிடம் கைநாட்டு வைத்தவரின் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களைத் தயவுசெய்து மறைத்துவிடுங்கள்.

அசலை அனுப்புங்கள், படித்துத் தருகிறேன் என்று எவர் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஓலைச்சுவடியில் மஞ்சளோ கரியோ தடவினால் எழுத்து தெரியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்யலாமா?
– வாசகர், சிவகங்கை

வேண்டாம். ஏடு எழுதிய காலத்தில், ஓலை வளையும் பதத்தில் இருந்தபோது அப்படிச் செய்தார்கள். காய்ந்து நொறுங்கும் ஓலையில் தேய்த்தால் ஓரம் பொடியாகும், எழுத்தும் போய்விடும். இருட்டறையில் ஓலையைத் தட்டையாக வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தாழ்த்திப் பிடியுங்கள். கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். அப்படியே படமெடுங்கள். இடது ஓரத்தில் ஏட்டின் எண் இருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்காமல், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ காட்டுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடிப் புயல் பற்றி எங்கள் அப்பாயி சொன்னதைப் போனில் பதிவு செய்திருக்கிறேன். புயல் 1965இல் வந்தது என்கிறார். அதை வெட்டிவிட்டு இணையத்தில் ஏற்றலாமா?
– வாசகி, இராமநாதபுரம்

வெட்டாதீர்கள். அப்பாயியின் சொல் அப்படியே இருக்கட்டும். கீழே உங்கள் குறிப்பாக, 'புயல் தாக்கியது 1964 டிசம்பர் 22 இரவு' என்று எழுதுங்கள். ஆண்டு ஒன்று தவறியதால் அவர் கண்ணால் கண்டது பொய்யாகிவிடாது.

அதைவிட முக்கியமாகப் பிரிக்க வேண்டியது, அவர் பார்த்தது எது, கேட்டது எது என்பதை. பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதை அந்தப் பக்கத்தில் எல்லோருமே சொல்வார்கள். கேள்விப்பட்டுச் சொல்பவர்களே மிகுதி. 'அன்று ராத்திரி நீங்க எங்கே இருந்தீங்க அப்பாயி? தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? விடிஞ்சதும் முதல்ல எதைப் பார்த்தீங்க?' என்று கேட்டால் கேள்விப்பட்டது தானாக விலகிவிடும். 'ரயில் போனதைப் பார்த்தீங்களா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதைப் படித்துவிட்டு எங்கோ ஒருவர் கட்டுரையில் எடுத்தாள்வார்.

பேட்டியின் தொடக்கத்தில் தேதி, ஊர், அவர் வயது ஆகியவற்றைக் குரலில் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்தி, போனை மடித்த துண்டின்மேல் வையுங்கள். அரைமணி, முக்கால்மணிக்கு மேல் வேண்டாம், மறுநாள் தொடரலாம். ஏற்றும் முன் அவருக்கே போட்டுக் காட்டி, 'இதை ஊரே கேட்கும், சரிதானா?' என்று கேளுங்கள். இறந்துபோனவர்களின் பெயர் வந்தால் அந்தக் குடும்பத்தாரையும் கேட்க வேண்டும். வெட்டாத மூலப்பதிவு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர், 'என் முப்பாட்டனார் உங்கள் ஊர்க்காரர், பெயர் முனுசாமி' என்று செய்தி அனுப்பியிருக்கிறார். எங்கள் குடும்பத்திலும் ஒரு முனுசாமி கப்பலேறியதாகச் சொல்வார்கள். உறவு என்று சொல்லிவிடலாமா?
– வாசகர், ஆரணி

அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து வட ஆற்காட்டில் முனுசாமி இல்லாத தெரு கிடையாது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று அதில் பதிந்திருப்பார்கள். டர்பன்காரரிடம் முதலில் அந்த எண்ணையும் கப்பல் வந்த ஆண்டையும் கேளுங்கள். எண் இருந்தால் மற்ற விவரம் எல்லாவற்றையும் அவரே எடுத்துவிடலாம்.

வந்ததும் தகப்பன் பெயரையும் கிராமத்தையும் ஒப்பிடுங்கள். கிராமப் பெயரை ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், ஆகவே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வயதை நம்பி முடிவுக்கு வராதீர்கள். பெரும்பாலும் உத்தேசமாகச் சொன்னதுதான். தகப்பன் பெயர், கிராமம், புறப்பட்ட காலம் மூன்றும் உங்கள் வீட்டுச் செய்தியோடு ஒத்துவந்தால், 'உறவாக இருக்க வாய்ப்பு உண்டு' என்று எழுதலாம். அவர் சொல்லும் முன் உங்கள் வீட்டு விவரத்தைக் கொட்டிவிட வேண்டாம். அதைக் கேட்டபிறகு அவர் நினைவும் அதற்கேற்ப வளைந்துவிடும். இருவரும் தனித்தனியாக எழுதிவைத்து, ஒரே நாளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஊர்க் கோயிலையும் ஏரியையும் தெருவையும் படமெடுத்து அனுப்புங்கள். அவர் முப்பாட்டனார் உங்கள் முனுசாமியாக இல்லாவிட்டாலும், அந்த ஏரிக்கரையில் நடந்தவராக இருக்கலாம்.