தலை வழுக்கிய போல்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் முடிந்ததும் வரும் கடிதங்களில் பாதி, கழலாத போல்ட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறையும் அப்படித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வீடு கடற்கரைப் பக்கம். பத்து வருட ஸ்பிளெண்டர். சைலன்சர் நட் இரண்டும் துருப்பிடித்து உருண்டையாகிவிட்டன. 10 ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. (தூத்துக்குடி வாசகர்)

பதில்: முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். நட் போனால் போகட்டும், சில ரூபாய் சமாச்சாரம். காப்பாற்ற வேண்டியது ஸ்டட்டை, அதாவது இன்ஜின் ஹெட்டில் பதிந்து நட்டைத் தாங்கும் மரைத் தண்டை. அது முறிந்தால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டிவரும்.

கம்பி பிரஷ்ஷால் மரையில் தெரியும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, துருவை இளக்கும் எண்ணெய் விடுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விடுங்கள். சூடும் ஆறலும் மாறி மாறி வரும்போது துருவில் மயிரிழை விரிசல் விழும், எண்ணெய் அதில் இறங்கும். சூடான சைலன்சரில் மட்டும் எண்ணெய் அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். அப்புறம் சிறு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் பத்து இருபது தட்டு.

ஸ்பேனர் என்றால் ஆறு பட்டை பாக்ஸ்தான். பன்னிரண்டு பட்டை ரிங் ஸ்பேனர் நட்டின் மூலையை மட்டும்தான் பிடிக்கும், உங்கள் நட்டில் இப்போது மூலையே இல்லை. ஒரு அளவு சிறிய 9 சாக்கெட்டை அடித்து ஏற்றிப் பாருங்கள். கொஞ்சம் திறந்தால் பாதி மூடுங்கள், மறுபடி திறங்கள். ஒரே மூச்சில் கழற்றப் போனால் துருப்பொடி மரையில் திரண்டு மறுபடி இறுகும். எதற்கும் அசையவில்லையா, கூரான உளியால் நட்டைப் பக்கவாட்டில் பிளந்துவிடுங்கள்.

கேள்வி: யமஹாவில் வலது பக்கக் கண்ணாடி எவ்வளவு பலம் போட்டும் கழலவில்லை. துருவா? (திருச்சி)

பதில்: பல யமஹா வண்டிகளில் வலது கண்ணாடிக்கு இடது மரை, அதாவது தலைகீழாகத் திருகும் மரை. நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

கேள்வி: என் பைக்கில் ஒரு போல்ட் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: எந்த வண்டி, எந்த இடம், ஆலன் தலையா (நடுவில் ஆறு மூலைக் குழி உள்ளது) ஆறு பட்டைத் தலையா, தலை இருக்கிறதா முறிந்துவிட்டதா? இவற்றில் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆர்.எக்ஸ்.100 மேக்னட் கவரில் ஸ்டார் ஸ்குரூ நான்கும் தலை வழித்துவிட்டன. பிரேக் ஆயில் டப்பா மூடி ஸ்குரூவும் (வேறு வண்டி) அப்படியே. துரு இவ்வளவு மோசமாக்குமா? (மதுரை வாசகரும் இன்னும் மூவரும்)

பதில்: துருவின் மேல் பழி போடாதீர்கள். தலையைக் கெடுத்தது உங்கள் ஸ்குரூடிரைவர். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

ஸ்டார் தலை எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். இல்லை. நம் ஹார்டுவேர் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிலிப்ஸ் வகை. ஜப்பான்காரர்கள் வடிவமைத்த வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தொழில் தரம்) வகை. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே சிலுவை. பல தலைகளில் அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சிறிதாக ஒரு புள்ளி இருக்கும், அது ஜே.ஐ.எஸ். அடையாளம். பிலிப்ஸ் முனையை அதில் வைத்தால் முழுக்க அடியில் இறங்காது, மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கையில் பார்க்கச் சரியாகப் பொருந்தியது போலத்தான் இருக்கும். பலம் போட்டதும் முனை மேலே ஏறி வெளியே துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் தலையில் கொஞ்சம் உலோகம் வழிந்துவிடும். மூன்றாவது துள்ளலில் சிலுவை வட்டக் குழியாகிவிடும்.

என் பட்டறைக்கு வந்த ஒரு ஆர்.எக்ஸ்.100-ல் கவர் ஸ்குரூ ஒன்றுகூட முழுசாக இல்லை. உள்ளே மரையில் துருவே கிடையாது, எண்ணெய்ப் பசையோடு பளபளவென்று இருந்தது. முப்பது வருடமாகப் பலர் தப்பான முனையை வைத்துத் திருகித் திருகி அழித்திருக்கிறார்கள். அந்த வண்டி வருவது 1996-லேயே நின்றுவிட்டது. இருக்கும் கேஸிங்கைக் காப்பாற்றத்தானே வேண்டும்?

ஒரு நல்ல ஜே.ஐ.எஸ். ஸ்குரூடிரைவர் வாங்குங்கள். வெஸல் போன்ற ஜப்பான் கம்பெனிகள் செய்கின்றன. சில நூறு ரூபாய் ஆகும், பிலிப்ஸ் தலைக்கும் நன்றாகவே பொருந்தும். முனை மழுங்கியதைத் தூக்கிப் போடுங்கள். திருகும் முன் முனையை வைத்துச் சுத்தியலால் இரண்டு அடி கொடுங்கள். பிறகு முக்கால் பலம் அழுத்தத்துக்கு, கால் பலம் திருப்பத்துக்கு. இறுகியதற்கு, அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர்.

ஏற்கெனவே போனவற்றுக்கு: கவர் ஸ்குரூவின் தலை வெளியே எழும்பி நிற்கும். ஓரத்தில் சென்டர் பஞ்சால் குழி போட்டு, பஞ்சைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் தட்டுங்கள். பிரேக் டப்பா ஸ்குரூ சின்னது, தலை மூடிக்குள் புதைந்திருக்கும். அதில் தலையை மட்டும் டிரில்லால் எடுத்துவிட்டு மூடியைத் தூக்கினால், மிச்சத் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துச் சுற்றலாம். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும், டேங்க் மேல் துணி போடுங்கள்.

கேள்வி: டபிள்யூ.டி.-40 அடித்தேன், பத்து நிமிடம் பொறுத்தேன், வரவில்லை. (சேலம்)

பதில்: பத்து நிமிடம் போதாது. ஒரு ராத்திரி ஊறட்டும்.

கேள்வி: முன் டிஸ்க் ஆலன் போல்ட் உருண்டுவிட்டது. எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். (கோவை)

பதில்: வைத்திருக்கக் கூடாது. எண்ணெய் ஊற வைப்பது துருவுக்கு. டிஸ்க் போல்ட்டைப் பெரும்பாலும் மரைப் பசைதான் (போல்ட் தானாகக் கழலாமல் இருக்க மரையில் தடவுவது) பிடித்திருக்கும், எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. டிஸ்க்கில் பரவினால் பிரேக் பிடிக்காது. முதலில் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். பேட் எண்ணெய் குடித்திருந்தால் மாற்றுங்கள்.

பிறகு ஹாட் ஏர் கன்னால் போல்ட் தலையைச் சூடாக்குங்கள். 250 டிகிரி பக்கம் போனால் நீல நிற மரைப் பசை இளகும். பிரேக் கிளீனர் ஈரம் இருக்கும்போது சூடு காட்டவே கூடாது. சில வகைக் கிளீனரிலிருந்து விஷ வாயு வரும், உயிருக்கு ஆபத்து. சூட்டோடு, ஆலன் குழியில் ஒரு சுற்றுப் பெரிய டார்க்ஸ் பிட்டை (ஆறு முனை நட்சத்திர வடிவ பிட்; 5 ஆலனுக்குப் பெரும்பாலும் டி30) அடித்து இறக்கித் திருப்புங்கள். கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி: கேஸிங்கில் எம்6 போல்ட் முறிந்தது. ஈஸி அவுட் (முறிந்த போல்ட்டில் துளையிட்டு, உள்ளே திருகி வெளியே எடுக்கும் குச்சி) போட்டேன், அதுவும் உள்ளேயே முறிந்துவிட்டது. டிரில் வழுக்குகிறது. (ஈரோடு)

பதில்: முறியும் என்று இதே பகுதியில் எச்சரித்திருக்கிறேன். முழுத் தலையும் 10 ஸ்பேனரும் இருந்தபோதே வராத போல்ட், 3 எம்.எம். துளையில் நுழையும் குச்சிக்கு எப்படி வரும்? ஈஸி அவுட் சாதாரண டிரில் பிட்டைவிடக் கடினமானது, இனி கை வேலை இல்லை. கோவையில் டை (அச்சு) செய்யும் பட்டறைகளில் ஸ்பார்க் எரோஷன், அதாவது மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் மெஷின், இருக்கிறது. கேஸிங்கைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு: போல்ட் முறிந்தால் ஈஸி அவுட்டுக்கு முன்னால் வெல்டிங்கை யோசியுங்கள். முறிந்த முகத்தின் மேல் எம்8 நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டு அடித்து, சிவப்பு மங்கியதும் மெதுவாக ஆட்டுங்கள். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. தவிர, அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சூட்டிலேயே பிடி விட்டுவிடும். ஸ்பேனரில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், விட்டுக்கொடுத்துவிட்டது. சத்தமில்லாமல் ரப்பர் போல முறுக்கினால் உடனே நிறுத்துங்கள், அடுத்து முறியப் போகிறது. வெல்டுக்கு முன் பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள், பி.எஸ்.6 வண்டியில் ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போனால் செலவு பெரிது. தீ என்றால் பெட்ரோல் டேங்க்கும் கீழே இறங்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி.

கேள்வி: டிரெயின் போல்ட் மரை போய் ஆயில் கசிகிறது. டெஃப்லான் டேப் சுற்றலாமா? (வேலூர்)

பதில்: கூடாது. ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் உள்ளே திருகும் கம்பிச்சுருள் மரை) போடுங்கள், புது வாஷர் போடுங்கள். அடுத்த முறை சர்வீஸில் ஏர் கன்னால் அதை இறுக்க விடாதீர்கள்.

கேள்வி: திரும்பப் பூட்டும்போது எல்லா போல்ட்டுக்கும் காப்பர் கிரீஸ் தடவலாமா? (நாகர்கோவில்)

பதில்: சைலன்சருக்கும், அலுமினியத்தில் இறங்கும் இரும்பு போல்ட்டுக்கும் லேசாகத் தடவுங்கள். தடவிய மரை வழுக்கும், அதனால் இறுக்கத்தைக் கால் பங்கு குறையுங்கள். டிஸ்க் போல்ட்டுக்கு வேண்டவே வேண்டாம், அங்கே பசைதான்.