நகானோவின் கையில் காலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கென்ட் நகானோவைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். அவரைப் பெரிய இசை நடத்துநர் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பீத்தோவனையும் பிராம்ஸையும் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நடத்தி ஆழம் கண்டவர்களை அப்படிச் சொல்லலாம். இவரோ இன்று ஒரு புதிய ஓபரா எனும் இசைநாடகம், நாளை கனடாவின் வடகோடிப் பழங்குடியினரான இனுயிட் பாடகிகளோடு ஒரு மேடை என்று தாவிக்கொண்டே இருக்கிறார். பண்பாடு கடந்த இசை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி வெறும் அலங்காரம்தானே? அவரைக் கேட்க எந்த ஒலிப்பதிவிலிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அலங்காரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஓர் அயல் வாத்தியத்தை இசைக்குழுவின் நடுவில் உட்காரவைத்து, அதற்குச் சில நிமிடங்கள் இடம் கொடுத்துவிட்டு, பிறகு வயலின்களால் அதை மூடிவிடுகிற படைப்புகள் நிறையவே உண்டு. நகானோவை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. புதிய இசையிலும், ஓபராவிலும், பிற பண்பாட்டுக் கலைஞர்களோடு செய்த முயற்சிகளிலும் அவர் எதிர்கொண்டது ஒரே கேள்வியைத்தான்: நிகழ்வின்போது காலம், அதாவது இசையின் தாளமும் வேகமும், யார் கையில் இருக்க வேண்டும்?

1951இல் கலிஃபோர்னியாவில், ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பத்தில் பிறந்த அவர், 1978இல் அங்குள்ள பெர்க்லி சிம்பொனி இசைக்குழுவின் பொறுப்பை ஏற்றார். அங்கே பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் படைப்புகளை நடத்தி, ஒலிப்பதிவுகளை அவருக்கே அனுப்பிவைத்தார். மெசியானும் குறைகளைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினார். அந்தத் தொடர்பு வளர்ந்து, பாரிஸில் மெசியானின் வீட்டிலேயே தங்கி, அரங்கேறவிருந்த 'அசிசியின் புனித பிரான்சிஸ்' ஓபராவைக் கற்கும் வாய்ப்பாக அமைந்தது. 1983 நவம்பரில் பாரிஸில் அதை முதன்முதலாக நடத்தியவர் ஜப்பானிய நடத்துநர் செய்ஜி ஓசாவா. நகானோ அவருடைய உதவியாளர்.

அந்த ஓபராவின் ஆறாம் காட்சியில் பிரான்சிஸ் பறவைகளுக்குப் போதிக்கிறார். அங்கே சில இடங்களில் மெசியான் ஒரு துணிச்சலான வேலையைச் செய்திருக்கிறார். இசைக்குழுவின் ஒரு பகுதி நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பறவையின் குரலை ஏற்றிருக்கும் கலைஞர் அவருடைய சைகையில் நுழைகிறார். நுழைந்தபின் அந்தத் தாளத்துக்குக் கட்டுப்படாமல் தன் சொந்த வேகத்தில் வாசிக்கிறார். அடுத்தவர் இன்னொரு வேகத்தில் சேர்ந்துகொள்கிறார். நடத்துநர் ஒரு பக்கம் தாளத்தைத் தளராமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் அதை முழு மனதோடு கைவிட வேண்டும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதை இசையை எழுதியவரின் அருகிலிருந்தே பயின்றது அவருடைய பெரும் பேறு என்று நினைக்கிறேன்.

1988 முதல் 1998 வரை பிரான்சின் லியோன் ஓபரா அரங்கின் இசை இயக்குநராக இருந்தபோது அவர் அரங்கேற்றியவற்றில், செகாவின் நாடகத்தைத் தழுவி ஹங்கேரியரான பேட்டர் ஏட்வொஷ் எழுதிய 'மூன்று சகோதரிகள்' எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சு நகரம், ரஷ்ய மொழிப் பாடல்கள், ஜப்பானிய இயக்குநர் உஷியோ அமகாட்சு. மூன்று சகோதரிகளையும் கவுண்டர்டெனர் எனப்படும், பெண்குரல் அளவுக்கு உயர்ந்த குரலுடைய ஆண்களே பாடினார்கள். மேடைக்கு முன்னுள்ள குழியில் 18 பேர், மேடைக்குப் பின்னால் 50 பேர் என இரண்டு இசைக்குழுக்கள். நடத்துநர்களும் இருவர், நகானோவும் ஏட்வொஷும். இத்தகைய அமைப்பில் தன் குழு பிசகாமல் வாசித்தால் மட்டும் போதாது. கண்முன் இல்லாத இன்னொரு குழுவின் மூச்சோடும் அது இசைந்துபோக வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் நகானோ அரங்கேற்றிய, பின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியாஹோவின் 'தொலைவிலிருந்து காதல்' ஓபராவும் இந்த வரிசையில் வைக்கத்தக்கதே.

இனுயிட் பாடகிகளின் மேடையை நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கனடாவின் மொன்ட்ரியால் சிம்பொனி இசைக்குழுவின் இசை இயக்குநராக இருந்தபோது, 2008இல், ஏழு இசைக்கலைஞர்களை அழைத்துக்கொண்டு வட கியூபெக்கின் நுனாவிக் பகுதிக்குப் போனார். முதல் உலகப்போரின் பற்றாக்குறைக் காலத்தில், ஊர் ஊராக எடுத்துச் செல்வதற்கென்றே ஸ்ட்ராவின்ஸ்கி ஏழு வாத்தியங்களுக்கு எழுதிய 'படைவீரனின் கதை' அங்கே இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழிக் கதைசொல்லலோடு நிகழ்ந்தது. கூடவே, அதே அளவிலான குழுவும் இரண்டு தொண்டைப் பாடகிகளும் சேர்ந்து நிகழ்த்துவதற்காகக் கனடிய இசையமைப்பாளர் அலெக்சினா லூயி எழுதிய புதிய படைப்பும் இடம்பெற்றது. கட்டஜ்ஜக் எனப்படும் அந்தப் பாடல்முறையில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நெருங்கி நின்று, ஒருவர் விடும் ஒலியின் இடைவெளியில் மற்றவர் தன் ஒலியை நுழைக்கிறார்கள். மூச்சு வாங்கியோ சிரித்தோ யார் முதலில் நிறுத்துகிறாரோ அவர் தோற்றவர். அந்த விளையாட்டின் வேகத்தை வெளியிலிருந்து ஒருவர் தீர்மானித்தால் அதன் உயிரே போய்விடும். வாத்தியங்கள்தான் அவர்களோடு போய்ச் சேர வேண்டும். மெசியானின் பறவைகளுக்கு வழிவிடப் பழகிய கைக்கு இது புதிதாக இருந்திருக்காது. நீங்கள் வெறுக்கும் அலங்காரக் கலவைகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது: விருந்தினராக வந்தவரையே தாளத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள்.

மரபான படைப்புகளில் அவர் குறைந்தவர் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 1984இல் ஓசாவாவால் வர முடியாமல் போனபோது, பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவோடு மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை ஒத்திகையே இல்லாமல் நடத்தியவர் அவர். பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் மொன்ட்ரியாலில் ஒலிப்பதிவு செய்திருக்கிறார். ஆனால் இசையமைப்பாளர் புரூக்னரின் படைப்புகளில், எடை கூட வேண்டிய இடங்களில் அவரிடம் தெளிவே மிஞ்சி நிற்கிறது என்று எனக்குத் தோன்றியதுண்டு. அந்த அளவுக்கு உங்களோடு உடன்படுகிறேன்.

தொடங்குவதற்கு, 1998 சால்ஸ்பர்க் விழாவில் இங்கிலாந்தின் ஹாலே இசைக்குழுவோடு அவர் நடத்திய 'புனித பிரான்சிஸ்' நேரடி ஒலிப்பதிவைப் பரிந்துரைக்கிறேன். பிரான்சிஸாகப் பாடுபவர் ஜோசே வான் டாம். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தையும் ஒரே அமர்வில் கேட்க வேண்டியதில்லை. முதலில் ஆறாம் காட்சியை மட்டும் கேளுங்கள், அதுவே முக்கால் மணி நேரம் வரும். அதன்பிறகும் உங்கள் கருத்து மாறாவிட்டால், எந்த இடத்தில் அவர் உங்களை ஏமாற்றினார் என்று குறித்து எழுதுங்கள். அந்த இடத்தை நானும் மறுபடி கேட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்