படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி: சென்சார் பிக்சல் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கேமரா வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. இரவில் 30 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் அங்கங்கே சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். சென்சார் போய்விட்டதா?

போகவில்லை, பதறாதீர்கள். சென்சார் என்பது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, அதில் உள்ள ஒவ்வொரு நுண்புள்ளியும் ஒரு பிக்சல். 24 மெகாபிக்சல் என்றால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் பிக்சல்கள், அத்தனையும் ஒன்றுபோல வார்த்து எடுக்க முடியாது. வெளிச்சமே படாவிட்டாலும் ஒவ்வொரு பிக்சலிலும் கொஞ்சம் மின்சாரம் கசியும், சிலவற்றில் அது கூடுதலாகக் கசியும், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நீள நீள அது சேர்ந்து புள்ளியாகத் தெரிந்துவிடும். இதுதான் ஹாட் பிக்சல். சூடு ஏறினால் இன்னும் மோசம். ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை கசிவு இரட்டிப்பாகும், அதனால் கொடைக்கானல் குளிரில் சுத்தமாக வரும் படம் சென்னையில் மே மாத ராத்திரியில் புள்ளி புள்ளியாக வரும்.

லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, 1/60 விநாடியில் ஒரு படம் எடுத்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அதிலும் புள்ளி இருந்தால் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் கேளுங்கள். 30 விநாடியில் மட்டும் வந்தால் அது சாதாரணம்.

கேள்வி: ஹாட், ஸ்டக், டெட் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஹாட் நீண்ட எக்ஸ்போஷரிலும் சூட்டிலும்தான் தலைகாட்டும். ஸ்டக் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். டெட் எப்போதும் கறுப்பு. ஒரு பிக்சல்தான் கெட்டிருந்தாலும் ஜேபெக்கில் (கேமரா பதப்படுத்தித் தரும் வழக்கமான படக்கோப்பு) சிலுவை போலப் பரவித் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது, மீதி நிறத்தைக் கேமரா பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணக்கிடுகிறது. பொய் சொல்லும் ஒருவர் அக்கம்பக்கத்தையும் கெடுத்துவிடுகிறார்.

கேள்வி: சார், வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

உண்டு, பிக்சல் மேப்பிங். கெட்ட பிக்சலின் இடத்தைக் கேமரா குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் பக்கத்து மதிப்புகளை நிரப்பும். பிக்சல் குணமாவதில்லை, மறைக்கப்படுகிறது. ஒலிம்பஸ், பென்டாக்ஸ், நிக்கான் இசட் 8, இசட் 9, சோனியின் புதிய மாடல்களில் மெனுவிலேயே இருக்கிறது. படம் எடுத்து முடித்த சூட்டோடு செய்யாமல் சற்று ஆற விட்டுச் செய்யுங்கள். கேனான்காரர்கள் பலர் செய்யும் வேலை: லென்ஸைக் கழற்றி, அந்த வாயை மறைக்கும் பாடி மூடியைப் போட்டு, கைமுறை சென்சார் கிளீனிங்கை ஓட விட்டு, ஒரு நிமிடம் கழித்து கேமராவை அணைப்பது. எனக்கு இரண்டு முறை பலித்திருக்கிறது.

கேள்வி: நட்சத்திரப் படம் எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா 30 விநாடி சும்மா நிற்கிறதே?

சும்மா நிற்கவில்லை. ஷட்டரை மூடி, அதே நேரத்துக்கு இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கழிக்கிறது. ஒற்றைப் படத்துக்கு அருமையான வசதி. ஆனால் நட்சத்திரங்கள் நகரும் தடத்தைக் கோடாகக் காட்டும் ஸ்டார் டிரெயில் எடுத்தால் கோட்டில் இடைவெளி விழும், அப்போது இந்த வசதியை அணைத்துவிடுங்கள். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேரத்தில், அந்த இடத்திலேயே பத்துப் பதினைந்து கறுப்புப் படங்கள் எடுத்து வந்து பிறகு கழித்துக்கொள்ளலாம். வீட்டு ஏசி அறையில் எடுத்தால் வெப்பநிலை மாறிவிடும், சரியாகக் கழியாது.

கேள்வி: வானத்தில் மங்கலான சாம்பல் வட்டம். இது டெட் பிக்சலா?

தூசி. லென்ஸ் துளையைச் சுருக்கும் எஃப்/16இல் தெரிந்து, விரிக்கும் எஃப்/2.8இல் மறைந்தால் சந்தேகமே வேண்டாம். கெட்ட பிக்சல் அபெர்ச்சரை, அதாவது அந்தத் துளையின் அளவைப் பார்த்து மாறாது.

கேள்வி: கேமராவை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்தும் புதிய புள்ளிகள் வருகின்றனவே அண்ணா?

உங்கள் தப்பு எதுவும் இல்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த்துகள்கள் சிலிக்கானில் மோதிப் பழுதாக்குகின்றன. விமானம் பறக்கும் உயரத்தில் இது அதிகம். சர்வதேச விண்வெளி நிலையத்துக் கேமராக்களில் புள்ளிகள் குவிவது இதனால்தான். ஹப்பிள் தொலைநோக்கியில் இதற்காகவே மாதம் ஒருமுறை வாக்கில், உறைகுளிரில் வேலை செய்யும் டிடெக்டரை அறை வெப்பநிலை அளவுக்குச் சூடேற்றுகிறார்கள், அப்போது புதிதாக வந்த ஹாட் பிக்சல்களில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வியப்புதான். நம் கேமராவை மட்டும் அடுப்போரம் வைத்துப் பார்க்காதீர்கள்!

கேள்வி: ரிசப்ஷன் வீடியோவில் ஒரு கோடும் நாலைந்து புள்ளிகளும் நிரந்தரமாக வந்துவிட்டன. மேடையில் லேசர் லைட் இருந்தது.

வருத்தமாக இருக்கிறது. லேசர் நேராக லென்ஸுக்குள் வந்தால் ஒரு கணம் போதும். புள்ளிகளை மேப்பிங் சில சமயம் மறைக்கும், கோடு பெரும்பாலும் மறையாது, சென்சாரையே மாற்ற வேண்டிவரும். செலவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இனி லேசர் இருக்கும் மேடை என்றால் முன்கூட்டியே லைட் போடுபவரிடம் பேசி, கேமரா நிற்கும் பக்கம் கதிர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கேமரா வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

மூடி போட்டு 1/60இல் ஒன்று, ஐஎஸ்ஓ 1600, 30 விநாடியில் ஒன்று, இரண்டையும் ரா (RAW, கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) வடிவிலும் ஜேபெக்கிலும் எடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் ஹாட் பிக்சலைத் தானே மறைத்துவிடும், அதனால் ரா கோப்பை மட்டும் அதில் திறந்து பார்த்து ஏமாற வேண்டாம். அப்புறம் ஒரு நிமிட வீடியோவும் எடுத்து, அதைக் கேமராத் திரையில் இல்லாமல் பெரிய திரையில் பாருங்கள்.