வட்டார வரலாறு, ஆய்வு நூல்களை எல்லாம் படிப்பதால் சாதாரண வாசகருக்கு என்ன பயன்?

கேட்டவர் நாவல், சுயமுன்னேற்றம், தலைவர்களின் வாழ்க்கை வரலாறு எல்லாம் படிப்பவர். ஒரு கோயிலையோ ஒரு வட்டாரத்தையோ பற்றிய ஆய்வுப் புத்தகத்தை 400 பக்கம் படித்து ஒரு சாதாரண ஆளுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அவர் கேள்வி. தான் ஈரோட்டுக்காரர், படிப்பதென்றால் எதில் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் ஆகாததைச் சொல்லிவிடுகிறேன். டிஎன்பிஎஸ்சி எழுதாதவருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. வீட்டில் இடம் வேறு அடைக்கும். ஆய்வேடுகளில் பல, பட்டத்துக்காக எழுதி அப்படியே அச்சுக்குப் போனவை. "இவ்வியலில் ஆராயப்படுகிறது" என்று தொடங்கி, "இவ்வியலில் ஆராயப்பட்டது" என்று முடியும். நடுவில் ஆசிரியருக்கே தூக்கம் வந்திருப்பது தெரியும். இந்த வகையை எல்லாம் நானும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் இந்த வகையில் நல்ல புத்தகம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், நம் ஊரைப் பற்றி யாராவது எதையாவது அடித்துச் சொல்லும்போது "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வவுச்சர் இல்லாத செலவை எழுதவிடமாட்டோம். ஆய்வு நூலின் அடிக்குறிப்பை நான் அப்படித்தான் பார்க்கிறேன். தொகையை நம்பலாமா என்பதை வவுச்சரைப் புரட்டி நாமே முடிவு செய்துகொள்ளலாம். இந்த வசதி நாவலில் கிடையாது, மேடைப் பேச்சில் கிடையாது, வாட்ஸ்அப்பில் சுத்தமாகக் கிடையாது.

நான் மதுரை என்பதால் மதுரையிலிருந்தே ஓர் உதாரணம். அழகர் ஆற்றில் இறங்கும் கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் சீரோடு புறப்பட்டு வருகிறார். வைகைக்கு வருவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது என்று காதில் விழுகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் போய்விட்டு, அப்படியே மலைக்குத் திரும்பிவிடுகிறார். கதை அழகாக இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்திலும் தாய்மாமன் முகம் தூக்குவது போலவே இருப்பதால், நம்பவும் சுலபம்.

பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் முனைவர் பட்டத்துக்காக எழுதிய 'அழகர் கோயில்' ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் புத்தகமாகப் போட்டது. அதைப் படித்தால் இந்தக் கதைக்கு அடியில் இன்னும் இரண்டு மூன்று அடுக்கு இருப்பது தெரியும். கோயில் தரப்பில் சொல்லும் காரணத்துக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாபத்தால் தவளையாகிவிட்ட மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்கத்தான் அழகர் வைகைக்கு வருகிறார். அது முன்பு நடந்த இடம் சோழவந்தான் பக்கம் தேனூர். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில், மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணம் சித்திரைக்கு வந்தது, ஆற்றில் இறங்கும் விழா மதுரைக்கு வந்தது, இரண்டும் ஒட்டிக்கொண்டன. சைவக் கோயில் திருவிழாவும் வைணவக் கோயில் திருவிழாவும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் நடந்தால், இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஜனங்களுக்கு ஒரு கதை வேண்டுமே. அண்ணன், தங்கை, தாமதம், கோபம். வண்டியூரில் ஆற்றுக்குள் நிற்கிற மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். வருஷா வருஷம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே, தேனூர் அங்கே ஏன் வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்தப் புத்தகத்தில் எனக்கு இதைவிடவும் பிடித்தது, திருவிழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று அவர் நின்று பார்த்து எழுதியிருக்கும் பகுதிகள். தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகர்மேல் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள், சாட்டையால் தன்னையே அடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள். வேடிக்கை பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே கூட்டம். அவருக்கு அப்படி இல்லை. கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் இந்தக் கோயிலோடு என்ன உறவு, அது எப்படி வந்திருக்கும் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறார். பெருமாள் ஏன் கள்ளர் வேடத்தில் கொண்டையும் கடுக்கனுமாக வருகிறார், பெருமாள் கோயில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு என்ன வேலை என்பதெல்லாம் அங்கே வருகிறது. விடிய விடியப் பாடும் வர்ணிப்புப் பாட்டுகளையும் விடவில்லை. கோயில் ஆய்வு என்றால் கல்வெட்டும் சிற்பமும்தான் என்றிருந்த காலத்தில், கூட்டத்தில் நிற்கிறவனையும் ஆதாரமாக எடுத்துக்கொண்ட வேலை அது.

அவர் சொல்வதை எல்லாம் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அழகர் கோயில் முன்பு பௌத்தக் கோயிலாக இருந்திருக்க வேண்டும் என்றொரு வாதம் வைக்கிறார். எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. ஆனால் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்பதை மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டுத்தான் சொல்கிறார். அதனால்தான் ஆய்வாளரே இல்லாத நான் உட்கார்ந்துகொண்டு "இது போதாதே" என்று மறுக்க முடிகிறது.

அடுத்து தஞ்சாவூர். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்று வருஷத்துக்கு நான்கு முறையாவது எனக்கு ஃபார்வர்டு வருகிறது. நிழல் விழும். வெயில் நேரத்தில் போய் நின்றால் போதும், இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். உச்சியில் இருப்பது ஒற்றைக் கல் அல்ல, பல கற்களைச் சேர்த்துக் கட்டியது என்று வரலாற்று ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் விளக்கியிருக்கிறார். இந்தக் கட்டுக்கதைகள்மேல் எனக்கு உள்ள கோபம், அவை பொய் என்பதால் மட்டும் இல்லை. அதே சுவரில் அதைவிட ஆச்சரியமான உண்மை எழுதியிருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி இந்தக் கோயில்தான். அதில் ஒரு கல்வெட்டு, ராஜராஜன் கோயில் பணிக்குக் கொண்டுவந்து குடிவைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின் பட்டியல். பட்டியல் என்றால் சும்மா பெயர் இல்லை. எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா (சிறகு என்றால் தெருவின் வீட்டு வரிசை), தலைவீடா இரண்டாம் வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எத்தனை பங்கு. திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று சோழநாட்டுக் கோயில்களிலிருந்து வந்த பெண்கள் வரிசையாக வருகிறார்கள். பங்கு ஒன்றுக்கு வருஷம் நூறு கலம் நெல். பட்டியல் அதோடு முடியவில்லை. ஆடல் ஆசான், பாடுகிறவர், மேளக்காரர், கணக்கர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று நீள்கிறது. இவர்களில் யாராவது இறந்துபோனாலோ வேற்றூர் போய்விட்டாலோ அடுத்த முறைக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியான ஆளை வைக்க வேண்டும் என்று விதியும் எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல், வீட்டு எண்ணோடு! ஒரு அரசன் இத்தனை பெண்களை ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்தான் என்றால், அதில் அவர்கள் விருப்பம் எவ்வளவு, அரசனின் ஆணை எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 80 டன் கல் இப்படி ஒரு கேள்வியையும் கேட்கவைக்காது.

நமக்குப் பிடித்த எண்ணத்தையே உடைக்கிற புத்தகங்களும் உண்டு. "வெள்ளைக்காரன் வரும்வரை ஊரே ஒன்றுகூடிக் கண்மாயைப் பராமரித்தது" என்று நானும் பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். மானுடவியலாளர் டேவிட் மோஸ் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சருகணி ஆற்று வடிநிலத்துக் கண்மாய்களை வைத்து எழுதிய 'தி ரூல் ஆஃப் வாட்டர்' (2003) அந்தப் படத்தை அவ்வளவு லேசில் விடுவதில்லை. கண்மாய் என்பது அரசர், பாளையக்காரர், சாதி, கோயில் மரியாதை எல்லாவற்றோடும் பின்னிய அதிகாரச் சமாச்சாரம், வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பும் கண்மாய்கள் பழுதாகிக் கிடந்திருக்கின்றன என்கிறார். இங்கிலீஷ் கொஞ்சம் கடினம், விலை அதைவிடக் கடினம். ஆனால் கலிங்கு (உபரி நீர் வெளியேறும் மடை) உடைந்து கிடக்கும் ஒரு கண்மாயை அதற்கப்புறம் பார்த்தபோது, "எல்லாம் வெள்ளைக்காரனால்" என்ற ஒற்றை வரியோடு என்னால் நகர முடியவில்லை.

வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிய மாவட்ட மானுவல்களையும் சொல்ல வேண்டும். மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868, கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் எழுதியது 1887. நிலவரி வசூலிக்கிற சர்க்காருக்காக எழுதியவை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். மழை, மண், பயிர், கிணறு பற்றிய பக்கங்கள் தங்கம். சாதிகளின் "குணம்" பற்றிய பக்கங்களில் எழுதியவரின் குணம்தான் தெரியும்.

அதைவிட ஆபத்து நம்மவர்கள் இப்போது அச்சடிக்கிற சில சாதி வரலாறுகள். கெட்டி அட்டை, கனத்த தலைப்பு, உள்ளே மூவேந்தரும் எங்கள் ஆட்களே. கண்டுபிடிப்பது சுலபம். "கல்வெட்டு ஆதாரம் உள்ளது" என்று இருக்கும், எந்த ஊர், எந்தத் தொகுதி, எத்தனையாவது எண் என்று இருக்காது. முறையாகப் படி எடுத்துப் பதிவான கல்வெட்டுக்கு எண் இருக்கும். எண்ணைச் சொல்லாதவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது நாம் பார்ப்பதை விரும்பவில்லை.

படிக்கும் முறை பற்றி ஒரு யோசனை. முதல் பக்கத்திலிருந்து போகாதீர்கள். ஆய்வு நெறிமுறை, கோட்பாடு என்று வரும் முதல் இயலைத் தாண்டிவிடலாம், பாவம் ஒன்றும் இல்லை. நான் பின்னிணைப்பில்தான் தொடங்குவேன். பேட்டி, பாட்டு, கல்வெட்டு வாசகம், பழைய பத்திரத்தின் நகல் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அது சுவைத்தால் உள்ளே போகலாம். சுவைக்காவிட்டால் அந்தப் புத்தகத்தை நூலகத்திலேயே விட்டுவிடலாம்.

சரி, ஈரோடு. உங்கள் பக்கத்துக்கு வேலை செய்தவர்கள் நிறையப் பேர். புலவர் செ. இராசு வாழ்நாள் முழுக்கக் கொங்குநாட்டுக் கல்வெட்டு, செப்பேடு, ஓலை என்று தேடித் தொகுத்தவர். அவருடைய 'கொங்கு நாட்டுச் சமுதாய ஆவணங்கள்' தொகுப்பைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதை போல ஓடாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் அங்கே வரவரக் கை தானாகப் பக்கத்தைத் திருப்பும். அறச்சலூரில் இசை எழுத்துகளோடு இருக்கிற பழைய கல்வெட்டைப் பற்றியும் தேடிப் படியுங்கள். அந்த எழுத்துகளைச் சேர்த்தவன் மணிய்வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரே பொறித்திருக்கிறது. நொய்யல் கரையில், பழங்கால ஊர் ஒன்று புதைந்து கிடந்த கொடுமணல் உங்கள் மாவட்டம்தான். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியதைப் பற்றி எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் எழுதியிருக்கிறார்கள். பேச்சு வழக்கில் ஆர்வம் என்றால் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது, எந்தப் பக்கத்திலும் திறக்கலாம். நிக்கல்சன் எழுதிய காலத்தில் ஈரோடு கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் இருந்ததால், அந்த மானுவலும் உங்களுடையதே.

என்னைக் கேட்டால் கொடுமணலில் தொடங்குங்கள். படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தும் வரலாம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும்போது, வாசலில் இருக்கும் பெரிய கடைகளோடு திரும்பிவிடாமல் பல்கலைக்கழக, அரசு வெளியீட்டுக் கடைகளையும் எட்டிப் பாருங்கள். கூட்டம் இருக்காது, விலையும் குறைவு. அச்சில் இல்லாததற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது, காசு கிடையாது. அங்கே தலைப்பை இட்டுத் தேடாதீர்கள், ஆசிரியர் பெயரை இடுங்கள். தலைப்பில் ஒற்று மிகுந்ததா மிகவில்லையா என்பதிலேயே தேடல் பல நேரம் மாட்டிக்கொள்ளும்.