கார்பல் டன்னல் சிண்ட்ரோம் இருப்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

தையல் வேலை செய்யும் உங்கள் அம்மாவுக்கு இரவில் வலக்கை விரல்கள் மரத்துப்போவதாகவும், கார்பல் டன்னல் என்று சந்தேகிப்பதால் எக்ஸ்ரே போதுமா, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. பழைய வண்ணாரப்பேட்டையில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றும் என்னிடம் தையற்காரர்களும், காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் பெண்களும் இதே தொல்லையோடு வருகிறார்கள். அவர்களில் பலர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நம்பிப் படம் எடுத்து, சத்து மாத்திரைகளையும் சாப்பிட்டுப் பார்த்த பிறகே வருவதால், இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மணிக்கட்டின் உட்புறத்தில், சிறு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே செல்லும் தடித்த தசைநாருக்கும் நடுவே கார்பல் டன்னல் எனப்படும் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. அங்கே நெருக்கம் கூடினால் நரம்பு நசுங்குகிறது; அதுதான் கார்பல் டன்னல் சிண்ட்ரோம். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது இந்த நரம்பு. சுண்டுவிரலுக்கு உணர்வு தருவது வேறொரு நரம்பு. ஆகவே, சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. “கை ஃபுல்லா மரத்துப் போவுது சார்” என்று சொல்பவர்களிடம், அடுத்த முறை தூக்கம் கலையும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால், அவர்களில் பலர் மூன்று விரல்தான் என்று திருத்திச் சொல்கிறார்கள். தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் சற்று நிம்மதி கிடைக்கிறது என்றால், சந்தேகம் இன்னும் வலுப்பெறுகிறது. எந்தக் கருவிக்கும் முன்னால் இந்த விவரங்களே நோயறிதலில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கையைச் சோதிப்பது. மணிக்கட்டை உட்புறமாக முழுவதும் மடக்கி 60 விநாடி வைத்திருக்கச் சொல்வது ஃபேலன் சோதனை. நரம்பின் மேல் விரலால் மெல்லத் தட்டி, விரல்நுனி வரை மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்கிறதா என்று பார்ப்பது டினெல் சோதனை. அந்த இடத்தைக் கட்டைவிரலால் 30 விநாடி அழுத்திப் பிடிப்பது டர்கன் சோதனை. இவற்றில் எதுவும் தனித்து முடிவு சொல்லாது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி அதன் வலுவையும், அடியிலுள்ள சதைமேடு வற்றியிருக்கிறதா என்பதையும் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால் கழுத்து நரம்பையும், பாதங்களிலும் மரப்பு இருந்தால் சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பையும் நினைக்க வேண்டியிருக்கும்.

என்.சி.எஸ். எனப்படும் நரம்புக் கடத்தல் பரிசோதனையில் தோலின் மேல் சிறு மின்தூண்டல் கொடுத்து, மணிக்கட்டைக் கடக்கும்போது மீடியன் நரம்பில் சமிக்ஞை தாமதமாகிறதா என்று அளந்து, சுண்டுவிரல் நரம்போடு ஒப்பிடுகிறார்கள். கை குளிர்ந்திருந்தால் ஆரோக்கியமான நரம்பிலும் வேகம் குறைந்து தெரியும். குளிரூட்டிய அறையில் காத்திருந்தால் கையைச் சூடுபடுத்திய பிறகு செய்யும்படி தயங்காமல் கேளுங்கள். ஆரம்ப நிலையில் இந்த அறிக்கை இயல்பாகவே வரலாம்; எந்தத் தொல்லையும் இல்லாத சிலரிடம் தாமதம் தெரிவதும் உண்டு. எனவே அறிக்கையை மட்டும் வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கும்போதும், கழுத்தா மணிக்கட்டா என்று குழப்பம் இருக்கும்போதும் இதன் பயன் அதிகம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வலியே கிடையாது. பாதையின் வாயிலில் நரம்பு வீங்கி அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் அது நோய்க்குச் சான்று, உள்ளே நீர்க்கட்டி இருந்தாலும் தெரிந்துவிடும்.

பழைய எலும்பு முறிவு அல்லது மூட்டுவாதம் இருந்தால் எக்ஸ்ரேயும், கட்டி போன்ற அரிய காரணங்களைச் சந்தேகித்தால் எம்.ஆர்.ஐ.யும் பொருந்தும். அவற்றைவிட, சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது உங்கள் அம்மாவுக்குப் பயன்படும். இரண்டுமே இந்தத் தொல்லைக்கு வழிவகுக்கக்கூடியவை.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. பகலிலும் விடாமல் மரப்பு இருந்தாலோ, ஊசி கை நழுவினாலோ, கட்டைவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தாலோ, மருந்தைச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் இந்த வாரமே அம்மாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வற்றிப்போன சதை பிறகு முழுமையாகத் திரும்பும் என்று உறுதி கூற முடியாது.