காசநோய்க் குளிசையும் பனடோலும்: மருந்தாளர் பதில்கள்

கேள்வி (உப்புவெளி): ஐயா, காசநோய்க்கு ஐசோநயசிட் எடுக்கும் என் தம்பிக்குத் தலையிடி வந்தால் பனடோல் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் எண்ணிக் கொடுக்க வேண்டும். பனடோலில் உள்ள பரசிற்றமோலின் பெரும்பகுதியை ஈரல் குளுக்குரோனைட்டாகவும் சல்பேற்றாகவும் மாற்றிச் சிறுநீருடன் வெளியேற்றிவிடுகிறது; ஒரு சிறு பங்கை மட்டும் சைப்2ஈ1 என்னும் நொதியம் நாப்கி என்ற நச்சாக மாற்ற, அதை ஈரலிலுள்ள குளுத்தாதயோன் உடனே பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. ஐசோநயசிட் குறுக்கிடுவது அந்த நொதியத்தில்தான். உடலில் இருக்கும் வரை அது நொதியத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்யவிடாது. அதேவேளை நொதியம் சிதையாமலும் காப்பதால், நாளடைவில் அது ஈரலில் சேர்ந்துவிடுகிறது. மருந்தின் அளவு இறங்கியதும் சேர்ந்திருந்த நொதியம் முழுவதும் விடுபட்டு, அதே இரண்டு பனடோலிலிருந்து கூடுதல் நச்சை உண்டாக்கும்.

கேள்வி (கிண்ணியா): அப்படியென்றால் காய்ச்சல் நாட்களில் காசநோய்க் குளிசையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நிறுத்திய அடுத்த ஓரிரு நாட்களில்தான் நொதியம் தடையின்றி வேலை செய்யும். இடையிடையே விட்டால் கிருமியும் மருந்துக்கு அடங்காமல் போகும்.

கேள்வி (மூதூர்): ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?

பதில்: நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு வேளைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது என்பதே பொது எல்லை. ஐசோநயசிட் எடுப்பவர் அந்த எல்லை வரை போகாமல், தமக்குரிய அளவை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். மெலிந்தவர், சாராயம் குடிப்பவர், நோயினாலோ விரதத்தினாலோ சரியாகச் சாப்பிடாதவர் ஆகியோருக்குக் குளுத்தாதயோன் குறைந்திருக்கும் என்பதால் இன்னும் கவனம் தேவை. தடிமன் குளிசை அட்டையையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி (நிலாவெளி): பதிலாக இபுப்புரோபன் போடலாமா?

பதில்: காய்ச்சலென்றால் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கேள்வி (தம்பலகாமம்): சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, ஈரல் பழுதாகிவிட்டதா?

பதில்: கூட எடுக்கும் ரிபாம்பிசினின் நிறம் அது, அதனால் மட்டும் பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளை மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், வலது விலாவுக்குக் கீழே நொந்தால், அடுத்த வேளை மருந்தைப் போடாமல் அன்றைக்கே சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். பனடோல் அளவு மீறியது தெரிந்தால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். மாற்று மருந்தான அசிற்றைல்சிஸ்ரின் முதல் 8 மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட்டால்தான் ஈரலை மிக நன்றாகக் காக்கும்.