லிஸ்பனில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வெளிநாட்டுப் பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மட்டக்களப்பு புளியந்தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: டீச்சர், எங்கள் மகள் சூரிச்சில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஜூன் மாதம் போகிறோம். எங்களுக்குத் திருமணமாகி நாற்பது வருடம் நிறைகிறது. அதற்காக மகளும் மருமகனும் எங்கள் இருவரை மட்டும் இரண்டு நாள் லிஸ்பனுக்கு அனுப்புகிறார்கள். மருமகன் தந்த பட்டியலில் பதினேழு இடங்கள் இருக்கின்றன. என் கணவருக்கு முழங்கால் வலி. எதைப் பார்ப்பது, எதை விடுவது?
– வாசகி, கல்லடி

பதில்: பட்டியலை மகள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், தங்கச்சி. இரண்டு நாளில் பதினேழு இடம் என்று ஓடுகிறவர்கள் பதினேழு வரிசைகளில் நின்றுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். நானும் என் கணவரும் போனபோது மூன்றே இடங்களை ஆற அமரப் பார்த்தோம். அவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்: கார்மோ என்ற இடிந்த மடம், அல்ஃபாமா என்ற குன்றுப் பகுதி, ஜெரோனிமோஸ் மடம் இருக்கும் பெலெம். ஐரோப்பாவில் எத்தனையோ அழகான நகரங்கள் உண்டு. ஆனால் கல்லடியிலிருந்து போகிறவர்களுக்கு லிஸ்பனைப் போல் மனதுக்கு நெருங்கிவரும் நகரம் வேறு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்பதைக் கார்மோவிலேயே அறிந்துகொள்வீர்கள்.

1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள். காலை ஒன்பதரை மணி கழிந்த வேளை, கோயில்கள் நிறையச் சனம் நின்றபோது நிலம் அதிர்ந்தது. ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்திகள் சரிந்து தீப் பிடித்தது. இடிபாடுகளுக்குத் தப்பிய மக்கள் வெட்டவெளி என்று நம்பி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தேஜோ ஆறு கடலோடு கலக்கும் இடத்தில்தான் நகரம் இருக்கிறது. தண்ணீர் முதலில் உள்வாங்கியது. பிறகு அலையாக எழுந்து கரையில் நின்றவர்களை அள்ளிக்கொண்டு போனது. தீ நாட்கணக்கில் எரிந்தது. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

கார்மோ மடத்தின் பெரிய கோயில் அன்று கூரை விழுந்து போனது. திரும்பக் கட்டத் தொடங்கிய வேலையும் 1834இல் துறவற மடங்கள் ஒழிக்கப்பட்டதோடு நின்றது. பிற்பாடு அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் உள்ளே போனால் இரு பக்கமும் தூண்கள், அவற்றிலிருந்து எழும்பிக் குறுக்கே போகும் கல் வளைவுகள், மேலே வெறும் வானம். கீழே புல் முளைத்திருக்கிறது. என் கணவர் ஒரு தூணில் கை வைத்தபடி நெடுநேரம் நின்றார். 2004 டிசம்பர் 26இல் நாவலடியில் அவருடைய தமக்கையின் குடும்பத்தை இழந்தவர் அவர். நமது கல்லடியில் சரிந்து நின்ற திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தைத் தெரிந்த கண்ணுக்கு அந்தக் கல்வளைவுகள் சொல்வது அதிகம். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த எவருக்கும் அது விளங்கியிருக்காது. உங்களுக்கு விளங்கும்.

கார்மோவிலிருந்து கீழே தெரியும் பைஷா பகுதியையும் அதே நினைவோடு பாருங்கள். அழிந்த இடத்தில் மன்னனின் அமைச்சரான பொம்பால் பிரபு நேர்நேரான தெருக்களை அமைத்துக் கட்டிய பகுதி அது. சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூடுபோல் பொருத்தி, நிலம் அசைந்தாலும் வீடு சேர்ந்து அசைந்து நிற்கும்படி செய்தார்கள். ஒரு மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களைக் காலுதைத்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்றும் சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு நமக்குக் கட்டித் தந்த வீடுகளில் எத்தனை இந்த அளவு யோசனையோடு கட்டப்பட்டன என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

முழங்காலுக்கு ஒரு வழி சொல்கிறேன். பைஷாவிலிருந்து கார்மோவுக்கு மேட்டில் ஏறி நடக்காதீர்கள். பைஷா-சியாடோ என்ற மெட்ரோ நிலையத்துக்குள் போய், சியாடோ பக்கம் வெளியேறும் தானியங்கிப் படிகளில் நின்றால் அவை உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து கார்மோ கிட்டத்தான். ஞாயிற்றுக்கிழமை கார்மோ பூட்டு, கவனம். நடைபாதை முழுக்கச் சிறிய சுண்ணக்கற்கள் பதித்திருக்கிறார்கள். நடந்து நடந்து மினுங்கிப்போன கற்கள். ஒரு தூறல் விழுந்தாலும் வழுக்கும். அவருக்கு அடி பிடிக்கும் ரப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், செருப்பு வேண்டாம்.

முதல் நாள் பின்னேரம் அல்ஃபாமா. 28ஆம் இலக்க மஞ்சள் டிராம் பெயர்பெற்றது. ஆனால் நெரிசல், பிக்பாக்கெட் இரண்டும் அதில்தான் அதிகம். 12ஆம் இலக்க டிராமும் அதே குன்றில் ஏறுகிறது. சாந்தா லூசியா என்ற இடத்தில் இறங்குங்கள். அங்கே கோயிலின் வெளிச்சுவரில் நீலமும் வெள்ளையுமாக ஓடுகளால் ஒரு படம் பதித்திருக்கிறார்கள்: நிலநடுக்கத்துக்கு முந்திய ஆற்றங்கரைச் சதுக்கம். காலையில் கார்மோவைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் அதைப் பார்த்தால், போனது என்னவென்று கண்முன்னே தெரியும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலை வாட்டும். ஆகவே திரும்பவும் டிராமிலேயே கீழே வந்து, பேராலயத்தடியில் இறங்குங்கள்.

அந்தப் பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் சிறிய கோயிலைத் தவறவிடாதீர்கள். கொச்சிக்கடைக்கு நேர்த்தி வைத்துப் போகும் நம்மவர்களில் அநேகருக்கு அந்தோனியார் பதுவாக்காரர் என்றுதான் நினைப்பு. அவர் இறந்தது பதுவாவில், 1231 ஜூன் 13இல். பிறந்தது லிஸ்பனில், இந்தக் கோயில் நிற்கும் இடத்தில். படியிறங்கி நிலவறைக்குள் போகலாம். சைவரானாலும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாத மட்டக்களப்பார் குறைவு. நானும் சைவம்தான், கொளுத்திவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் மாதம் என்றீர்களே, முடிந்தால் 12ஆம் திகதி இரவு அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அல்ஃபாமாவின் ஒழுங்கைகளில் தோரணம் கட்டி, வாசலுக்கு வாசல் அடுப்பு வைத்துச் சாளை மீன் சுடுவார்கள். அந்தோனியார் அங்கே காதலுக்கும் கல்யாணத்துக்கும் காவல். துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியைச் சட்டியில் வைத்து, கடதாசிப் பூவும் ஒரு நாலடிப் பாட்டும் செருகி, விரும்பியவருக்குக் கொடுப்பது வழக்கம். மூக்கை நேரே கொண்டுபோய் முகரக் கூடாது. உள்ளங்கையால் இலையைத் தடவி, கையைத்தான் முகர வேண்டும். நாற்பது வருடத்துக்கு உங்கள் கணவரிடம் கேட்டு ஒன்று வாங்குங்கள்.

இரண்டாம் நாள் பெலெம். 15ஆம் இலக்க டிராம் போகிறது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். ஜெரோனிமோஸ் மடம் அன்று பூட்டு. கட்டடத்தைப் பார்த்துப் பிரமிக்காதவர் இல்லை. கல்லில் கப்பல் வடங்களை முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் கீழைத்தேசங்களிலிருந்தும் வந்த சரக்கின் மீது அறவிட்ட வரிப்பணத்தில் எழுந்த மடம் அது. கோயிலுக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, மறுபக்கம் கவிஞர் கமோயிஷின் கல்லறை. அந்தக் கவிஞரின் காவியத்தில் முதற்பாட்டிலேயே தப்ரொபானா என்று நம் தீவின் பழம்பெயர் வருகிறது.

அருகில் 1837 முதல் நடக்கும் கடையில் முட்டைக்கரு, பால் சேர்த்த சிறிய வட்டப் பலகாரம் சுடச்சுடத் தருவார்கள். வாசலில் நீண்டு நிற்பது வாங்கிக்கொண்டு போகிறவர்களின் வரிசை. நீங்கள் நேரே உள்ளே போய் உட்காருங்கள்; நீல ஓடு பதித்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. மேசையில் ஒரு சிறு டப்பாவில் கறுவாத்தூள் இருக்கும். அதைத் தூவிச் சாப்பிடுங்கள். இந்தத் தூளுக்காகத்தானே போர்த்துக்கேயர் கடல் தாண்டி நம் தீவுக்கு வந்தார்கள் என்று என் கணவர் சொன்னார். கோட்டைகள், சண்டைகள், மதமாற்றங்கள் எல்லாவற்றையும் எண்ணியபடிதான் இருவரும் சாப்பிட்டோம். ருசி அருமை.

அங்கேயே இருக்கும் பெலெம் கோபுரத்தை வெளியே நின்று பார்த்தால் போதும். அதன் ஒடுங்கிய சுழற்படி உங்கள் கணவருக்கு ஆகாது.

கேள்வி: போர்த்துக்கேயர் எங்கள் முன்னோரைத் துரத்தியவர்கள். அப்படிப்பட்டவர்களின் தலைநகரைப் போய் ரசிப்பது சரியா? நானும் மனைவியும் லண்டனிலிருந்து அங்கே போக யோசிக்கிறோம்.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையானோரை நமது கிழக்குக் கரையில் குடியேற்றினான். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1628இல், புளியந்தீவில் போர்த்துக்கேயரின் கோட்டை எழுந்தது. பத்தே வருடத்தில் அதை ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இவை மறக்கக் கூடியவை அல்ல. மறந்துவிட்டுப் போகச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் லிஸ்பனே 1147 வரை முஸ்லிம்களின் நகரம் என்பதையும் கொண்டுபோங்கள். கிறிஸ்தவ மன்னன் பிடித்த பிறகு முஸ்லிம்களைக் கோட்டைக் குன்றின் மறுபக்கம் ஒதுக்கினார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் மொராரியா என்றுதான் பெயர். 1496இல் மனுவேல் மன்னன் யூதரும் முஸ்லிம்களும் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டான். மேலே சொன்ன அழகான ஜெரோனிமோஸ் மடத்தைக் கட்டத் தொடங்கியவனும் அவனே. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் பார்வை என்பேன். அதே மொராரியாவில் இப்போது வங்காளதேசத்தவரின் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஹலால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. 1985இல் திறந்த பெரிய பள்ளிவாசலும் நகரில் இருக்கிறது. உங்கள் மனைவியோடு அந்த ஒழுங்கைகளில் நடக்க ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள். லண்டனிலிருந்து போவதானால் பிரித்தானிய விசா அங்கே செல்லாது. ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் பறங்கியர். வீட்டில் அம்மம்மா இன்றும் எங்கள் போர்த்துக்கேய மொழிதான் பேசுவார். அதைப் பேசினால் லிஸ்பனில் விளங்குமா?
– வாசகி, டச்பார்

பதில்: சில சொற்களைப் பிடித்துக்கொள்வார்கள், முழுப் பேச்சும் விளங்காது. உங்கள் மொழி இந்த வாவிக்கரையில் தமிழோடு சேர்ந்து வளர்ந்தது, மகள், அது உங்களுடையது. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மட்டக்களப்புக்கு வந்து அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்களும் போவதற்கு முன்னால் அம்மம்மாவை உட்காரவைத்து, பாட்டும் கதையுமாகக் கைப்பேசியில் பதிந்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: சுவிஸ் விசாவில் லிஸ்பன் போகலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: போகலாம். இரண்டு நாடுகளும் ஷெங்கன் வலயத்தில் இருக்கின்றன. அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது சுவிஸ். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டாம். கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே பிராங்க் செல்லாது, யூரோதான். கடிகாரத்தையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புங்கள்.

கேள்வி: என் கணவர் சுத்த சைவம். அங்கே பட்டினி கிடக்க வேண்டி வருமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: வராது. ராதா கிருஷ்ணர் கோயில் ஒன்று லிஸ்பனில் இருக்கிறது, குஜராத்திகள் கட்டியது. மொராரியா பக்கம் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. போர்த்துக்கேயக் கடைகளில் கவனம்: கீரை சூப்பிலும் இறைச்சித் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, நீங்கள் உட்கார்ந்ததுமே கேட்காமல் பாண், ஒலிவ் காய், பாற்கட்டி என்று மேசைக்கு வரும். அது இனாம் அல்ல. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் அப்போதே திருப்பி அனுப்புங்கள், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.